பனிக்காலத்தில் எண்ணெய் டின்னைக் கொட்டுவது பற்றி

அன்புள்ள அருளுக்கும், அவன் தோளுக்கு மேலாக இதை எட்டிப் பார்த்து வாசிக்கும் லில்லிக்கும்,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. உறையின் மேல் அப்பா பெயரைத்தான் எழுதியிருந்தாய். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நான் பிரித்து வாசித்துவிட்டேன். கல்யாணம் முடிந்து ஊட்டிக்குப் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு கவலையா என்று முதலில் பதறினேன். முழுவதும் வாசித்த பிறகு அடுப்படியில் நின்றபடியே சிரித்துவிட்டேன். அப்பா என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். “உங்க மகன் வண்டியில வெண்ணெய் எடுத்திருக்கானாம்” என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதிலை நான்தான் எழுதுவேன் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. இந்த விஷயத்தில் நம் வீட்டில் பட்டு அறிந்தவள் நான்தான்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். எண்ணெயில் தண்ணீர் கலக்காமல் தடுக்கும் கேஸ்கட் போய்விட்டது என்று அந்த மெக்கானிக் சொன்னதற்காக இஞ்சினைப் பிரித்துவிடாதே. எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியிலும், அப்பா பொருத்திக் கொடுத்த டின்னுக்குள்ளும் வெள்ளையாகக் குழம்பியிருப்பது வெறும் தண்ணீரும் எண்ணெயும்தான். இஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடும். நீ வாங்கியிருக்கும் வயசான வண்டி கொஞ்சம் கூடுதலாகவே விடும். அந்த மூச்சில் எண்ணெய் ஆவியும் நீராவியும் கலந்திருக்கும். வெயில் ஊரில் நீராவி போன இடம் தெரியாது. நம் கொடைக்கானல், உன் ஊட்டி மாதிரி ஊரில் அது வெளியே போகும் வழியிலேயே குளிர்ந்து தண்ணீராகி, எண்ணெயோடு சேர்ந்து தயிர் கடைந்த மாதிரி வெளுத்துவிடும். சந்தேகம் இருந்தால், காலையில் வண்டி ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார். ஒரு வாரம் தினமும் பார். தண்ணீர் குறையவில்லை, எண்ணெய் அளக்கும் டிப்ஸ்டிக் கம்பியில் வரும் எண்ணெயும் வெளுக்கவில்லை என்றால் கேஸ்கட்டுக்கு ஒன்றுமில்லை. குறைந்தால் மெக்கானிக் சொன்னதுதான் சரி, நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்.

டின்னைக் கழற்றி எறியட்டுமா என்று கேட்டிருக்கிறாய். எறியாதே. அந்த வெண்ணெய் இஞ்சினுக்குத் திரும்பிப் போகாமல் டின்னில் தங்கியிருக்கிறது, அதற்குத்தான் டின். வெயில் காலத்தில் மாதம் ஒரு முறை கொட்டினால் போதும். பனிக்காலத்தில் வாரம் இரண்டு முறை கொட்டு. கொட்டியதைத் திரும்ப இஞ்சினில் ஊற்றிவிடாதே, அதில் பாதி தண்ணீர். வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் வண்டியை எடுத்தால் இஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் நின்றுவிடும், உள்ளே ஈரம் போகவே போகாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லில்லியை ஏற்றிக்கொண்டு குன்னூர் வரை போய்த் திரும்பு. இஞ்சினுக்கும் நல்லது, உங்கள் இரண்டு பேருக்கும் நல்லது.

இனி நான் எழுதப்போவது நீ கேட்காதது. அந்த மாதிரி டின் முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்த கதையில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியில் நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. உன்னிடம் மட்டும் இத்தனை வருஷமாகச் சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது நீ ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறாய், சொல்லிவிடலாம்.

அப்பாவின் முதல் டாக்ஸி மூன்று கை மாறி வந்த அம்பாசிடர். ஏற்றத்தில் முக்கி முனகி ஏறும்போது எண்ணெய்ப் புகை வண்டிக்குள்ளேயே வரும். தூண்பாறை பார்க்கப் போகும் புதுமாப்பிள்ளையும் பொண்ணும் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்குவார்கள். அப்போது அட்டுவம்பட்டியில் தகரக் கொட்டகை போட்டு வண்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் செல்லையா மாமா. சிலோனில் தேயிலைத் தோட்டத்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். அவர்தான் ஒரு நாள் நம் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னார். “அண்ணே, நுவரெலியாவுல தொரைட ஜீப்புக்கு இப்பிடித்தான் ஒரு டின் வச்சிருந்தோம். மூச்ச டின்னுக்குள்ள விட்டா எண்ணெய் கீழ தங்கிரும், காத்து மட்டும் அங்கிட்டால போகும். ஒரு டின் மட்டும் குடுங்க. தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வச்சுத் தாறேன்.”

நீ குடித்துத் தீர்த்த பால்பவுடர் டின் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தேத்தண்ணி நேரத்தில் முடியவில்லை, மூன்று நாள் ஆனது. டின்னில் இரண்டு செம்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து, உள்ளே பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சுருட்டித் திணித்து, அடியில் ஒரு சின்னக் குழாய்த் திருகும் வைத்து, வண்டியின் முன்பக்கக் கம்பிகளுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டினார். புகை நாற்றம் நின்றுபோனது. அந்த சீசன் முழுக்க அப்பா வண்டியை விட்டு இறங்கும்போதெல்லாம் பானட்டைத் திறந்து யாருக்காவது காட்டிக்கொண்டிருந்தார்.

நவம்பர் வந்தது. டின்னுக்குள் வெள்ளை வந்தது. இப்போது நீ பயந்த மாதிரியேதான் அவரும் பயந்தார். “ஏ புள்ள, இஞ்சினு போயிருச்சு போல” என்று வாடிப்போய் வந்து உட்கார்ந்தார். நான் அப்போது பள்ளிக்கூடத்து லேபில் உதவியாளராக இருந்தேன் அல்லவா. அந்த வெள்ளையைக் கொஞ்சம் ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஜன்னலில் வெயில் விழும் இடத்தில் வைத்தேன். சாயங்காலம் நீ அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாய். மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு என்று பிரிந்து நின்றது. ரேடியேட்டர் தண்ணீரைப் பார்க்கச் சொன்னேன். குறையவில்லை. செல்லையாவும் ஜாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அக்கா சொல்றது சரிண்ணே” என்றார். மறுநாள் டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரிடமும் “எங்க வீட்ல பாத்துச் சொல்லிட்டாங்க” என்று அப்பா சொன்னாராம். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. இனி டின் சோலி என் சோலி, சனிக்கிழமை சனிக்கிழமை நானே கொட்டிக் கழுவி மாட்டிவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

நீ மூன்றாம் வகுப்புப் படித்த வருஷத்து டிசம்பர் அது. பூண்டியில் ஒரு கல்யாண வீடு. பொண்ணு பெயர் ஸ்டெல்லா. அவளுடைய அப்பா அங்கே வெள்ளைப்பூண்டு விவசாயம் பார்த்தவர். திங்கட்கிழமை காலை பூசைக்குப் பொண்ணை இங்கே கோயிலுக்குக் கூட்டிவர நம் வண்டியைச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை நான் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். தெருவில் நின்று அப்பா, “டின்னைக் கொட்டியாச்சா?” என்று கேட்டார். “ஆச்சுங்க” என்றேன். ஆகவில்லை. அதற்கு முந்தின சனிக்கிழமையும் ஆகவில்லை. இந்த ஈடு எடுத்ததும் போய்க் கொட்டிவிடலாம், இதைப் போய் எதற்குச் சொல்லிக்கொண்டு என்று நினைத்தேன். பிறகு மாவு தீர்ந்தது, கிறிஸ்மஸ் பாட்டுப் பழகுகிறவர்கள் வந்தார்கள், நான் மறந்தே போனேன். அவர் ஞாயிறு மத்தியானமே பூண்டிக்குக் கிளம்பிவிட்டார், வெள்ளனே பொண்ணை ஏற்ற வேண்டும் என்று.

அங்கே நடந்ததை ஸ்டெல்லா வாயால் கேட்டால்தான் சுவை. காலையில் பூண்டுப் பாத்தியெல்லாம் உப்புக் கொட்டிவைத்த மாதிரி உறைபனி. வண்டி நல்ல பிள்ளை மாதிரி கிளம்பியது. பூம்பாறைக்கு முந்தின ஏற்றத்தில் பானட்டுக்குள் டப்பென்று ஒரு சத்தம். நிரம்பிக் கிடந்த டின்னில் குழாய் வாயில் இருந்த தண்ணீர் இரவில் உறைந்து அடைத்துவிட்டது. மூச்சு போக வழியில்லாமல் இஞ்சின் டிப்ஸ்டிக்கைத் தூக்கி எறிந்து, அந்த ஓட்டை வழியாக எண்ணெயைக் கக்கிவிட்டது. எண்ணெய் சூடான குழாயில் விழுந்து ஒரே புகை. ஸ்டெல்லா வெள்ளைப் பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவளுடைய அத்தை சாலையோரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். உன் அப்பா கல்யாணத்துக்கென்று போட்டிருந்த கோட்டைக் கழற்றிப் புகையை விசிறிக்கொண்டிருந்தாராம். பின்னாலேயே கேரட் லாரி ஒன்று வந்தது. பெரியவர்கள் என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லா போய்க் கேட்டாள். “அண்ணே, முன்னாடி ரெண்டு பேருக்கு எடம் இருக்காண்ணே?”

பொண்ணும் அத்தையும் டிரைவர் பக்கத்தில். பொண்ணின் அப்பாவும் மற்ற உறவுக்காரர்களும் கேரட் மூட்டைகளுக்கு மேல். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றபோது மாப்பிள்ளை வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பங்குச் சாமியார் படியில் நின்று, “பொண்ணு மட்டும் உள்ள வாங்க, கேரட்டு வெளியவே இருக்கட்டும்” என்றாராம். கல்யாணம் ஜோராக நடந்தது. அதைப் பார்க்க உன் அப்பாதான் அங்கே இல்லை. மத்தியானம் வரை அந்த ஏற்றத்தில் குளிர்காற்றில் நின்று, வேறொரு டாக்ஸியில் கயிறு கட்டி வண்டியை இழுத்துவந்தார்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டாக்ஸி ஸ்டாண்டில் கூட்டமாக இருந்தது. விஷயம் கேள்விப்பட்டு செல்லையா கருவிப் பெட்டியோடு ஓடிவந்திருந்தார். வெள்ளிக்கிழமைதான் அவர் இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிப் பேக்கிங் மாற்றிக் கொடுத்திருந்தார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். “உன்னைய நம்பி வண்டிய விட்டேன் பாரு, என்னையச் சொல்லணும். கல்யாணப் பொண்ண நடுரோட்டுல எறக்கி விட வச்சிட்டியே.” செல்லையா பானட்டுக்குள் குனிந்து கொஞ்ச நேரம் கையால் துழாவிப் பார்த்தார். பிறகு பானட்டை மெதுவாக மூடி, “சரிங்கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நான் சாலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். டிப்ஸ்டிக் பறந்தது என்று யாரோ சொன்ன அந்த நொடியே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. பத்து எட்டு வைத்தால் அந்தப் பக்கம். நான் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் என்று அப்புறம் பலமுறை யோசித்திருக்கிறேன். அப்பா அடிப்பவரும் இல்லை, ஏசுபவரும் இல்லை. ‘எங்க வீட்ல பாத்துச் சொல்லிட்டாங்க’ என்று அவர் பெருமையாகச் சொன்னாரே, அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான். வேறொரு பட்டறைக்காரர் வந்து பார்த்து, கேஸ்கட் போய்விட்டது, இஞ்சினை இறக்க வேண்டும் என்றார். வண்டி ஸ்டாண்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கிறிஸ்மஸ் வந்தது. எப்போதும் நம் வீட்டில் சாப்பிடும் செல்லையா குடும்பம் அந்த வருஷம் வரவில்லை. “செல்லையா மாமா ஏம்மா வரல?” என்று நீ கேட்டாய். அவங்களுக்குச் சோலி இருக்கு என்றேன். அது இரண்டாவது பொய். அப்பா இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். நீ சிரிக்கச் சிரிக்க ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய், கேட்கத்தான் ஆளில்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் செல்லையா கடைசி வரிசையில் தனியாக நிற்பதைப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கோயிலிலிருந்து நேராக ஸ்டாண்டுக்குப் பின்னால் போய், தார்ப்பாயைத் தூக்கி, டின்னைக் கழற்றி, ஸ்வெட்டரில் சுற்றிக்கொண்டு அட்டுவம்பட்டிக்கு நடந்தேன். செல்லையா கொட்டகையில் பிளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். டின்னை அவர் முன்னால் வைத்தேன்.

“செல்லையா, அன்னைக்கு நான் இதைக் கொட்டல. கொட்டினதாச் சொல்லிட்டேன்.”

“தெரியுங்கக்கா” என்றார். “அன்னைக்கே தூக்கிப் பாத்தேன். கல்லு மாதிரி கனத்துக் கெடந்துச்சு.”

“தெரிஞ்சுமா பேசாம போனீங்க?”

“ஸ்டாண்டுல அத்தனை பேர் நிக்கிறாங்க. அண்ணன் கோவத்துல இருக்காரு. அந்த எடத்துல வச்சு அக்கா கொட்டலைன்னு எப்பிடிங்க கதைக்கிறது? என்னைய ஏசினா அண்ணன் ரெண்டு நாள்ல மறந்துருவாரு. நாலு பேர் உங்களையப் பாத்துச் சிரிச்சா நீங்க மறக்க மாட்டீங்க.”

அவர் மனைவி உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தேன். அப்பா பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தார். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோடரியைக் கீழே வைத்தார். “செல்லையாவுக்குத் தெரியுமா?” என்று ஒன்றுதான் கேட்டார். “அன்னைக்கே தெரியுமாம்” என்றேன். மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா. முன் சீட்டில் இரண்டு பேரும் முழங்கை வரை கரியோடு உட்கார்ந்திருந்தார்கள். இஞ்சினை இறக்கவே இல்லை. எண்ணெய் ஊற்றி, குழாய்களைக் கழுவி, டிப்ஸ்டிக்கை நிமிர்த்திச் செருகியதும் கிளம்பிவிட்டதாம். அங்கே அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னிடம் அப்பா சொன்னது இவ்வளவுதான். “இனிமே நான் கேட்டா, கொட்டலைன்னா கொட்டலைன்னு சொல்லு. நான் கொட்டிட்டுப் போறேன். இதுல என்ன இருக்கு.”

அருள், நானும் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். செய்யாததைச் செய்யவில்லை என்று சொல்லிப் பழகு. முக்கியமாக, சின்ன விஷயத்தில். பெரிய தப்பை மறைக்க எல்லாருக்கும் பயமாக இருக்கும். முறுக்குச் சட்டியின் முன்னால் நின்றுகொண்டு சொல்லும் ‘ஆச்சுங்க’வுக்கு யாருக்கும் பயம் வராது.

மறுநாள் அப்பா ஸ்டாண்டில் எல்லாரையும் வைத்துக்கொண்டு, “தப்பு செல்லையா மேல இல்ல, என் வீட்டுச் சோலியில” என்று ஆரம்பித்தார். நான் சாலையைத் தாண்டிப் போய், “டின்னைக் கொட்டாதது நான்தான். செல்லையா வேலையில ஒரு குறையும் இல்ல” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வண்டிக்காரர் மட்டும், “அக்கா, அப்பிடியே எங்க வண்டி டின்னையும் கொஞ்சம் பாத்துருங்க” என்றார். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். செல்லையாவும் சிரித்தார். அவர் அந்த வாரமே டின்னை முன்பக்கக் குளிர்காற்றிலிருந்து எடுத்து, இஞ்சின் சூடு படும் இடத்துக்கு மாற்றினார். ரப்பர்க் குழாயைத் தண்ணீர் தேங்காதபடி தொய்வில்லாமல் வெட்டி மாட்டினார். பழைய கம்பளித் துண்டு ஒன்றை டின்னைச் சுற்றித் தைத்தேன் நான். உன் வண்டியிலும் அப்பா டின்னை அந்த இடத்தில்தான் வைத்திருக்கிறார். மெக்கானிக் இடம் மாற்றச் சொன்னாலும் மாற்றாதே.

புதுவருஷம் பிறந்து இரண்டாம் நாள், ஸ்டெல்லா மாப்பிள்ளையோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மறுவீட்டுக்குப் பூண்டி போக வண்டி வேண்டும். அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது. “வேற நல்ல வண்டியாப் பாத்துச் சொல்லட்டுமாம்மா?” என்றார். “அதெப்படிங்க மாமா” என்றாள் அவள். “பாதி வழியில எறக்கி விட்டுட்டீங்க. மீதி வழி நீங்கதான் கொண்டுபோய் விடணும்.” டின்னைப் பார்த்துக்கொள்ள நானும், இஞ்சினைப் பார்த்துக்கொள்ள செல்லையாவும் கூட வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஆறு பேர் ஒரு வண்டியில். நீ செல்லையா மாமா மடியில் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொடுத்த சிலோன் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு வந்தாய். அன்றைக்கு நின்ற அந்த ஏற்றம் போகும்போது இறக்கம், அதில் வண்டி இறங்கும்போது மட்டும் எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். இறங்கி முடித்ததும் மாப்பிள்ளை கை தட்டினார்.

பூம்பாறை தாண்டிப் பூண்டியை நெருங்கும்போது சமதளமாக ஒரு சாலை வரும், உனக்கு ஞாபகம் இருக்கிறதா. அங்கே அப்பா வண்டியை நிறுத்தி, இறங்கி, என் பக்கத்துக் கதவைத் திறந்தார். என்ன ஆயிற்றோ என்று நான் பானட்டைப் பார்த்தேன். “வண்டி மூச்சு விடுறது வரைக்கும் தெரியுது, ஓட்டத் தெரிய வேணாமா? வா, இங்கிட்டு உக்காரு” என்றார். நான் மாட்டேன் என்றேன். ஸ்டெல்லா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். உட்கார்ந்தேன். முதல் இரண்டு முறை வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளித் துள்ளி நின்றது. மூன்றாவது முறை நகர்ந்தது. நகர்ந்தது என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வெயில் ஏறி இரண்டு பக்கமும் பூண்டு வயல் பச்சைப் பசேலென்று கிடந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி மண்வெட்டியைத் தூக்கி ஆட்டினாள். நான் ஹாரனை அடித்தேன், அதுவும் தெரியாமல் கை பட்டுத்தான். பூண்டிக்குள் நுழைந்து, கோழிகளை விரட்டி, ஸ்டெல்லா வீட்டு வேலிக்கு ஒரு சாண் முன்னால் வண்டியை நிறுத்தினேன். அவளுடைய அப்பா வெளியே வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த என்னை ஒரு கணம் பார்த்தார். “எறங்குங்க தாயி, சோறு ஆறுது” என்றார்.

லில்லிக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று நீ எழுதவில்லை. தெரியாது என்றால், குன்னூர் போகும்போது நல்ல சமதளமாகப் பார்த்து நிறுத்திச் சாவியை அவளிடம் கொடு. நீ பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வா. அன்றைக்கு உங்கள் அப்பா பூண்டி போய்ச் சேரும் வரைக்கும் “கிளட்சு, கிளட்சு” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்புடன்,
அம்மா